சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்: மும்பையில் ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகுமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். வயது 34. கொரியர் ஆபீஸில் 24,000 சம்பளத்தில் இருந்த வேலை போன மாதம் போய்விட்டது. ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். சம்பளம் இல்லை, முழுக்க கமிஷன், மாதம் 50,000 சுலபம் என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்:

இறங்கலாம். ஆனால் அடுத்த மாத வாடகையை இதை நம்பி வைக்காதீர்கள். ஹெல்த் இன்சூரன்ஸில் காசு புதுப் பாலிசியில் வருவதைவிட ரென்யூவலில்தான் வரும். ரென்யூவல் சேர நாலைந்து வருடம் ஆகும். அதுவரை குடும்பம் எதில் ஓடும் என்பதற்கு பதில் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 50,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். கணவன், மனைவி, ஒரு குழந்தை கொண்ட குடும்ப ஃப்ளோட்டருக்கு (மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பாலிசி) வருட பிரீமியம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 15 சதவீதம் என்றால் ஒரு பாலிசிக்கு 3,000. மாதம் 50,000 வர 17 பாலிசி வேண்டும். ஞாயிறு போக 26 நாளில் 17 பாலிசி என்றால் ஒன்றரை நாளைக்கு ஒன்று, மாதாமாதம், நிற்காமல். புதிதாக வருகிறவருக்கு இது நடக்காது. முதல் இரண்டு மாதம் மாமா, மச்சான், பழைய ஆபீஸ் நண்பர்கள் என்று ஏழெட்டு பாலிசி விழும். மூன்றாவது மாதம் போனில் இருக்கும் பெயர்கள் தீர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் விலகுவது அந்த இடத்தில்தான்.

நடக்கக்கூடிய கணக்கு இப்படி இருக்கும். வருடம் 30 புதுப் பாலிசி, அதாவது மாதம் இரண்டரை. முதல் வருடம் 90,000 ரூபாய், மாதத்துக்கு 7,500. இரண்டாம் வருடம் பழைய 30-இல் 24 பேர் ரென்யூ செய்து, இன்னொரு 30 புதிது வந்தால் 1,62,000, மாதம் 13,500. இதே வேகத்தில் ஐந்தாம் வருடம் கையில் சுமார் 100 பாலிசி இருக்கும். வருமானம் மாதம் 25,000 பக்கம். ரென்யூவல் 80 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் நின்றால் அதே ஐந்தாம் வருடம் 123 பாலிசி, மாதம் 30,000 தாண்டும். புதுப் பாலிசி ஒன்றுகூட அதிகம் விற்காமல், பழையவர்களைத் தக்கவைத்ததில் மட்டும் வந்த வித்தியாசம் இது. பிரீமியம் வருடா வருடம் ஏறுவதையும் வயது கூடுவதையும் நான் சேர்க்கவில்லை; அவை கொஞ்சம் கூடுதலாகத் தரும். ரயில் பாஸ், போன், ஜெராக்ஸ், டீ எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

கமிஷன் சதவீதத்தை மேனேஜர் எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். 2023 ஏப்ரல் வரை தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 15 சதவீதம்தான் உச்சம். இப்போது அந்தத் தனி உச்சவரம்பு இல்லை. கம்பெனியின் மொத்தச் செலவுக்குத்தான் வரம்பு, ஹெல்த் மட்டும் செய்யும் கம்பெனிக்கு பிரீமியத்தில் 35 சதவீதம், ஜெனரல் கம்பெனிக்கு 30. அதனால் 20, 25, 30 என்று எந்த எண்ணையும் சொல்ல முடிகிறது. அந்த எண் முதல் வருடத்துக்கு மட்டுமா, ரென்யூவலுக்கும் அதேவா? 60 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைகிறதா? வேறு கம்பெனியிலிருந்து போர்ட் ஆகி வருகிற பாலிசிக்கு எவ்வளவு? மாதம் இவ்வளவு பிரீமியம் கொண்டுவந்தால்தான் என்ற படிக்கட்டு இருக்கிறதா? இவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் வாங்குங்கள். முதல் வருடம் 30, ரென்யூவல் 5 என்று தருகிற கம்பெனியைவிட இரண்டுக்கும் 15 தருகிற கம்பெனி ஐந்தாம் வருடத்தில் நல்லது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. வாடிக்கையாளருக்கு நல்ல சேதி, 20,000 பிரீமியத்துக்கு 3,600 மிச்சம். ஆனால் கம்பெனிகளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது தங்கள் செலவில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, போயிற்று. பல கம்பெனிகள் அந்தச் சுமையை விற்பவர் பக்கம் தள்ளி, கமிஷனை ஜிஎஸ்டி உட்பட என்று மாற்றின. அப்படி இருந்தால் 15 சதவீதம் என்பது உண்மையில் 12.7 சதவீதம், 3,000 ரூபாய் 2,542 ஆகிவிடும். மேலே போட்ட கணக்கு முழுவதையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சேல்ஸ் மேனேஜர் யார் என்பதும் தெரிய வேண்டும். அவர் சம்பளக்காரர். மாதம் இத்தனை புது ஏஜென்ட் கோட் (ஏஜென்ட்டுக்குக் கம்பெனி தரும் நம்பர்), அதில் இத்தனை பேர் முதல் பாலிசி போட வேண்டும் என்று அவருக்கு டார்கெட் இருக்கும். உங்களைச் சேர்த்து, உங்கள் சொந்தபந்தத்தில் நாலு பாலிசி எடுத்தாலே அவருக்கு உங்களால் ஆக வேண்டிய காரியம் முடிந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர் வேலை அப்படி. ஆனால் ‘டெபாசிட்’, ‘லீட் பேக்கேஜ்’, ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய்; பல கம்பெனிகள் அதையும் தாங்களே கட்டிவிடும். முதல் பாலிசியை உங்கள் பெயரிலேயே எடுங்கள் என்று நெருக்கினாலும் அதே பதில்தான்.

உரிமம் வாங்குவது கஷ்டமில்லை. 18 வயது, பத்தாம் வகுப்பு, பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். ஐசி-38 என்ற தேர்வு: 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் பாஸ். தமிழிலும் எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பு சில இடத்தில் கரடுமுரடாக இருக்கும். ஆங்கிலச் சொற்கள் பழகியவர் ஆங்கிலத்திலேயே எழுதுவது மேல். பாஸானதும் கம்பெனி நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் தரும். உங்கள் பெயர் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் ஏஜென்சி போர்ட்டலில் பான் நம்பரின் கீழ் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஃபாரமில் கை வையுங்கள். சிலர் கோட் வருமுன்பே விற்கச் சொல்லி, அதை வேறொருவர் கோடில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பாலிசியின் ரென்யூவல் உங்களுக்கு எந்நாளும் வராது.

தனிநபர் ஏஜென்ட் ஒரு லைஃப் கம்பெனி, ஒரு ஜெனரல் கம்பெனி, ஒரு ஹெல்த் கம்பெனி என்று ஒவ்வொன்றில் ஒன்றுக்குத்தான் வேலை பார்க்க முடியும். கம்பெனி மாற வேண்டுமென்றால் பழைய இடத்தில் விலகி, விலகல் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டி வைத்த ரென்யூவல் உங்களோடு வருவதில்லை. அதனால் எந்தக் கம்பெனி என்பது கல்யாணம் மாதிரி, அவசரப்படக் கூடாது. இன்னொரு வழி பிஓஎஸ்பி (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்): ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் 15 மணி நேரப் பயிற்சியும் அவர்களே நடத்தும் தேர்வும் முடித்தால், அந்த புரோக்கர் வைத்திருக்கும் பல கம்பெனிகளின் பாலிசியை விற்கலாம். சுகர் உள்ளவரை ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றில் கேட்கலாம் என்பது பெரிய வசதி. க்ளெய்ம் நேரத்தில் கம்பெனிக் கிளையில் முகம் தெரிந்த ஆள் இல்லாமல் கால் சென்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பது இதில் உள்ள குறை. புதியவருக்கு, முக்கியமாக வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்ய நினைப்பவருக்கு, நான் பிஓஎஸ்பி-யைத்தான் சொல்வேன்.

இனி இந்தத் தொழிலின் உயிர் இருக்கும் இடம், ப்ரொபோசல் ஃபாரம், அதாவது பாலிசிக்கான விண்ணப்பம். ஏஜென்ட் கெட்ட பெயர் வாங்குவதும், ரென்யூவல் உதிர்வதும், க்ளெய்ம் மறுக்கப்படுவதும் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கின்றன. மொபைல் ஆப்பில் உடல்நலக் கேள்விகள் வரிசையாக வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு, ‘அண்ணாச்சி, ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க’ என்று முடிக்கும் ஏஜென்ட்கள் ஏராளம். ‘ஆமாம்’ என்று போட்டால் மெடிக்கல் டெஸ்ட் வரும், லோடிங் (நோய்க்காகக் கூட்டும் பிரீமியம்) வரும், நாள் இழுக்கும், மாதக் கடைசி டார்கெட் போகும். அதற்குப் பயந்து செய்வது.

இரண்டு வருடம் கழித்து அதே அண்ணாச்சி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்கிறார். அட்மிஷன் நேரத்தில் ஜூனியர் டாக்டர் கேட்கிறார், மகன் சொல்கிறான்: ‘அப்பாவுக்கு எட்டு வருஷமா சுகர்.’ கேஸ் பேப்பரில் ‘டிஎம் எட்டு வருடம்’ என்று எழுதப்படுகிறது. அந்த ஒரு வரியோடு கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) நிற்கும், பழைய மருத்துவச் சீட்டுகளைக் கேட்டு கடிதம் வரும், பிறகு மறைத்ததாகச் சொல்லி க்ளெய்ம் மறுக்கப்பட்டு பாலிசியும் ரத்தாகும். அந்தக் குடும்பம் மட்டுமில்லை, அந்தத் தெருவே உங்களிடம் இனி பாலிசி எடுக்காது. தாராவி, கோலிவாடா மாதிரி ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து குடியிருக்கும் இடத்தில் இந்தச் செய்தி ஒரு மாலைக்குள் பரவிவிடும்.

நோய் இருக்கிறதா என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல, நல்லாதான் இருக்கேன்’ என்பார்கள். பொய் சொல்வதாக அவர்கள் நினைப்பதில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதை நோயாக யாரும் எண்ணுவதில்லை. அதனால் நோயைக் கேட்காதீர்கள், மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் சுகர். டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் என்றால் பிரஷர். தைராக்சின் என்றால் தைராய்டு. அடோர்வாஸ்டாட்டின் என்றால் கொழுப்பு. குளோபிடோக்ரெல் பட்டை கண்ணில் பட்டால் ஸ்டென்ட் வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். பெண்களிடம் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன், கட்டி, சிசேரியன் பற்றி வீட்டுப் பெண்கள் முன்னிலையில் கேட்டால்தான் பதில் வரும். உயரம், எடை கேட்டு எழுதாமல் அளந்து எழுதுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தும் எடுக்காமல் விட்ட ஸ்கேன் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. முன்பு எந்தக் கம்பெனியாவது மறுத்திருந்தால் அதையும் எழுத வேண்டும்.

உண்மையை எழுதினால் வாடிக்கையாளருக்கு என்ன லாபம் என்று விளக்கத் தெரிய வேண்டும். சொல்லி எடுத்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். அதன் பிறகு அந்த நோய்க்கும் கவர் உண்டு. முன்பு இது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. இது முன்பு எட்டு வருடம். சிலர் இதைத் திருப்பிப் போட்டு, ‘அஞ்சு வருஷம் சொல்லாம ஓட்டிடலாம்’ என்று விற்கிறார்கள். தெரிந்தே மறைத்தது மோசடிக் கணக்கில்தான் வரும். தவிர, அந்த ஐந்து வருடத்துக்குள் உடம்பு கெடாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

மும்பைத் தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பல கம்பெனிகள் ஊரை மண்டலமாகப் பிரித்து பிரீமியம் வைக்கின்றன. மும்பை, தானே, நவி மும்பை பெரும்பாலும் விலை அதிகமான மண்டலம். நம்மவர்களில் நிறைய பேருக்கு ஆதார் இன்னும் திருநெல்வேலி, தூத்துக்குடி விலாசத்தில்தான். கேஒய்சி செய்யும்போது ஊர் விலாசம் தானாக வந்து உட்காரும், பிரீமியமும் குறைவாகக் காட்டும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், விற்கவும் சுலபம். சயானில் ஆஸ்பத்திரிக்குப் போனதும், குறைந்த மண்டலத்தில் எடுத்து உயர்ந்த மண்டலத்தில் சிகிச்சை என்று சொல்லி, பாலிசி விதியில் இருந்தால், பில்லில் ஒரு பங்கை அவர் தலையில் கட்டுவார்கள். அதனால் வசிக்கும் விலாசம் என்ற கட்டத்தில் ஊர் விலாசத்தை எடுத்துவிட்டு மும்பை விலாசத்தைப் போடுங்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தமோ, கரண்ட் பில்லோ கையில் இருக்கட்டும். அதே சமயம் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை மும்பை ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டர் பிரீமியம் மூத்தவர் வயதை வைத்துப் போடப்படும். 62 வயது அப்பா சேர்ந்தால் மொத்தமும் எகிறும். ஊர் விலாசத்தில் அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுத்தால் மண்டல விலையும் குறைவு, அது முறையும்கூட.

அறை வாடகை வரம்பு இன்னொரு இடறு கல். 5 லட்சம் பாலிசியில் ‘ஒரு நாளுக்கு 1 சதவீதம்’ என்று இருந்தால் 5,000. மும்பையில் நடுத்தர ஆஸ்பத்திரியில் தனி அறை 8,000 என்று வைப்போம். ஆறு நாள் தங்கினால் 18,000 தானே கையிலிருந்து போகும் என்று வாடிக்கையாளர் நினைப்பார். விகிதக் கழிவு விதி இருக்கிற பாலிசியில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றையும் 5,000-க்கு 8,000 என்ற அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் 1,00,000தான் வரும். 18,000-க்குப் பதில் 78,000 கைக்காசு. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. பில்லில் அதையும் சேர்த்து வெட்டியிருந்தால் சண்டை போடலாம். விற்கும்போதே இந்த உதாரணத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். கொஞ்சம் பிரீமியம் கூடினாலும் வாடகை வரம்பில்லாத பாலிசியை அவரே கேட்பார்.

அரசுத் திட்டம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவரிடம் மழுப்பாதீர்கள். மகாராஷ்டிரா ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு. 70 வயது ஆனவர் யாராக இருந்தாலும், 2024 அக்டோபர் முதல், ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் உண்டு. ரேஷன் கார்டு இன்னும் தமிழ்நாட்டிலேயே இருந்தால் புலே திட்டம் கிடைப்பது கஷ்டம். இவற்றில் பட்டியலிட்ட சிகிச்சைகள், சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகள் என்ற எல்லை உண்டு என்பதையும் சொல்லுங்கள். நாள்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு 20,000 பிரீமியத்தைத் தலையில் கட்டினால் அடுத்த வருடம் ரென்யூ ஆகாது. அவருக்கு அரசு கார்டை எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள். அந்த ஆள் அழைத்து வரும் கடைக்காரர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

வாடிக்கையாளர் எங்கே என்றால், போனில் இல்லை. காசு கொடுத்து வாங்கும் லீட் என்பது ஏற்கெனவே பத்து ஏஜென்ட் கூப்பிட்டு அலுத்துப்போன நம்பர். சொந்த மொபைலில் இருந்து முகம் தெரியாதவர்களை வரிசையாக அழைத்தால் புகார் போய் நம்பரே முடக்கப்படும். மாதச் சம்பளம் வாங்குபவரைவிட, சம்பளமே இல்லாத சொந்தத் தொழில்காரர்தான் உங்கள் ஆள்: 90 அடி ரோட்டுக் கடைகள், லெதர் பட்டறை முதலாளிகள், டிராவல்ஸ், டியூஷன், மாட்டுங்காவில் சிறு ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர், செம்பூரில் ரிட்டயர் ஆகிப் போனவர். கம்பெனி கவர் இவர்களுக்குக் கிடையாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரிக்காகக் கேட்பவர்கள் முன்பு நிறைய. இப்போது புது வரி முறையில் ஹெல்த் பிரீமியத்துக்கான 80டி கழிவு இல்லை என்பதால் அந்தப் பேச்சு எடுபடாது. பழைய முறையில் இருப்பவரா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது. மே மாதம் பாதித் தாராவி ஊரில் இருக்கும். அந்த மாதத்தை க்ளெய்ம் வேலைக்கும் ரென்யூவல் பட்டியலைச் சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியத்தை உங்கள் கையிலோ உங்கள் ஜிபேயிலோ வாங்காதீர்கள். வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் கட்ட வேண்டும் என்பது சட்டம், வங்கி, தபால் விடுமுறைகள் மட்டும் விலக்கு. காசு கம்பெனிக்குப் போய்ச் சேராத வரை ரிஸ்க் தொடங்காது. இடையில் அவர் கீழே விழுந்து காலை உடைத்தால் பொறுப்பு உங்களுடையது. லிங்க் அனுப்பி அவரையே கட்டச் சொல்வதுதான் பாதுகாப்பு.

‘உங்க கமிஷன்ல பாதி தள்ளிக் குடுங்க’ என்பது இந்த ஊரில் தினமும் வரும் பேச்சு. கொடுப்பது இன்சூரன்ஸ் சட்டம் 41-ஆம் பிரிவின்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: 1,500 கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் அடுத்த வருடம் 2,000 தருபவரிடம் போவார். ‘தரமாட்டேன், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா எடுப்பேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாதவரை விட்டுவிடுங்கள்.

அந்த ராத்திரி இரண்டு மணி உண்மையாகவே வரும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கிறதா, கம்பெனியின் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விலக்கப்பட்ட இடத்தில், உயிருக்கு ஆபத்தான அவசரத்திலோ விபத்திலோ உடல்நிலை சீராகும் வரையான செலவு தவிர எதற்கும் காசு வராது. அவசர அட்மிஷன் என்றால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள், திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் டிபிஏ (இன்சூரன்ஸ்) டெஸ்க்கில் இருந்து ப்ரீ-ஆத் ஃபாரம், அதாவது கேஷ்லெஸுக்கான முன் அனுமதிக் கோரிக்கை, போனதும் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். 2024 முதல் இதுதான் விதி. தாமதம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை அனுப்புவதில்தான் இருக்கும், அங்கே போய் நில்லுங்கள். கேஷ்லெஸ் கிடைக்காமல் பின்னால் காசு கேட்பதானால் டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துப் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டோடு மருந்து பில், டெஸ்ட் ரிப்போர்ட், ஸ்டென்ட் அல்லது பிளேட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர், கேன்சல் செய்த செக், விபத்தானால் போலீஸ் பேப்பர். டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுங்கள், பிறகு ரெக்கார்டு ரூமுக்கு நாலு நடை. சம்மரியில் ‘எட்டு மாதமாக’ என்பது ‘எட்டு வருடமாக’ என்று விழுந்திருந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன்பே டாக்டரிடம் திருத்தி கையெழுத்து வாங்க வேண்டும். க்ளெய்மைக் கம்பெனி மறுத்தால் அதன் குறைதீர்ப்புப் பிரிவு, 30 நாளில் சரியாகாவிட்டால் சாந்தாகுரூஸில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்). 50 லட்சம் வரை அங்கே தீர்ப்பாகும், கட்டணம் இல்லை.

ரென்யூவலுக்கு ஒரு நோட்டுப் போதும், ஆப் தேவையில்லை. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பு ஒரு போன்: உடம்பு எப்படி, பிரீமியம் ஏறுமா, தொகை கூட்டணுமா. அதிருப்தி இருந்தால் அப்போதே தெரியும். போர்ட் செய்ய விரும்புபவர் 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பேசிச் சரிசெய்ய நேரம் இருக்கும். பிறகு 30, 15, 3 நாளில் ஒரு வரிச் செய்தி. வருடப் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்தான். மாதத் தவணைக்காரர்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்; கணக்கில் காசு இல்லாமல் ஆட்டோபே திரும்பி, யாரும் கவனிக்காமல் பாலிசி செத்துப்போவது அவர்களுக்குத்தான். அப்படிச் செத்தால் கடந்து வந்த காத்திருப்புக் காலம் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு, மூன்று வருடப் பாலிசி விற்றால் கமிஷன் மொத்தமாக வரும். அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து எதுவும் வராது என்பதை மறந்து செலவழித்துவிடாதீர்கள். புதுப் பாலிசியை 30 நாளுக்குள் வாடிக்கையாளர் திருப்பித் தந்தாலும் கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: ஒரு கம்பெனியிலிருந்து வருடத்தில் 20,000 தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ், பான் இல்லையென்றால் 20. கமிஷன் வருமானத்துக்கு உத்தேச லாபக் கணக்கு காட்டும் சுலபமான முறை பொருந்தாது, செலவுக்குச் சீட்டு வைத்து ஐடிஆர்-3 போட வேண்டும். பிஎஃப், ஈஎஸ்ஐ, லீவு எதுவும் கிடையாது. வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்டால் வங்கி இரண்டு வருட ரிட்டர்ன் கேட்கும், அதனால் முதல் வருடம் வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: ஏதாவது ஒரு மாதச் சம்பள வேலையைத் தேடிப் பிடியுங்கள், 20,000 ஆனாலும் சரி. கூடவே பிஓஎஸ்பி எடுத்து, சாயங்காலமும் ஞாயிறும் மாதம் இரண்டு பாலிசி என்று போடுங்கள். புது வேலையில் பக்கத் தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள். ரென்யூவலில் மட்டும் மாதம் 12,000 வர ஆரம்பித்த பிறகு முழுநேரமாக்குவதை யோசிக்கலாம். ஒரு வருட வீட்டுச் செலவு கையில் ரொக்கமாக இருந்தால் மட்டும் இப்போதே முழுநேரம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. 24,000 சம்பளம் ஈஎஸ்ஐ வரம்பான 21,000-க்கு மேல் என்பதால், பழைய ஆபீஸில் குரூப் பாலிசி இருந்திருக்கலாம். இருந்தால் வேலையோடு அதுவும் போகும். அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். ஆனால் அதற்குக் கெடு உண்டு, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. மேனேஜருக்குப் பதில் சொல்வதற்கு முன், இன்றே பழைய ஹெச்ஆருக்கு போன் போட்டு பாலிசி நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றையும் மெயிலில் வாங்கி, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள்.